பதினாறுக்குப் பிறகும் வாருங்கள்

தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட ஒருவரின் வீட்டுக்குக் கேதம் கேட்கச் செல்லும் சொந்தபந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும்,



சாவு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் பந்தல் போட ஆள் வந்துவிடும். பக்கத்து வீட்டு அடுப்பில் உலை ஏறும். கோடி எடுத்துவர வேண்டியது யார், நீர்மாலைக்குப் போக வேண்டியது யார், பங்காளி எங்கே நிற்பது, சம்பந்தகாரர் எப்போது வருவது என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தே நமக்குள் ஏறியிருக்கிறது. கேதத்துக்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவளைக் கட்டிக்கொண்டு, செத்தவரின் பெயரையும் குணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவார்கள். கல்லாகிப்போய் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதில் அழுகை வந்துவிடும். இப்படித்தான் நம் சனங்கள் ஒருவரையொருவர் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

ஆனால் இறந்தவர் தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்துவிட்டால் இந்த அறிவு அத்தனையும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. வாசல்வரை வந்தவர்கள் தயங்கி நிற்கிறார்கள். ஒப்பாரி எடுக்க வாய் எழவில்லை. துக்கத்துக்குப் பதில் விசாரணை தொடங்குகிறது. பந்தலில் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஒருவர் காதில் ஒருவர் பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் பேச்சு நிற்கிறது.

நானும் அப்படி ஒரு வீட்டுக்காரிதான். போனது என் தம்பி. அவன் எப்படி இறந்தான் என்று எழுதுவதற்காக இந்த மடலைத் தொடங்கவில்லை. அதை எழுதப்போவதும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமும் வராமல் போனவர்களிடமும் தெரிந்துகொண்டவை, எங்களைப் போலவே இழந்த மற்ற வீடுகளில் போய் உட்கார்ந்தபோது கேட்டவை, பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தவை என்று கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் இந்த வீடுகள் கொஞ்சநஞ்சமாக இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு நாளைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். இன்றைக்குச் சாயங்காலமும் நம் மாவட்டத்தில் எங்கோ ஒரு வாசலில் யாரோ ஒருவர் உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருப்பார். அவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். மற்ற சாவுகளில் உடல் வீட்டில் கிடக்கும். சுற்றி உட்கார்ந்து அழலாம். இதில் உடல் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போய்விடுகிறது. குடும்பத்தில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வாசலில், மீதிப்பேர் போலீஸ் ஸ்டேஷனில். இயற்கைக்கு மாறான எந்தச் சாவிலும் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194-ஆவது பிரிவு அதற்குரியது. இறந்தது பெண்ணாக இருந்து, கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாமல் இருந்தால் ஆர்.டி.ஓ. விசாரணையும் உண்டு. இது சட்டம் எல்லோருக்கும் வைத்திருக்கும் நடைமுறை. அந்தக் குடும்பத்தின் மேல் சந்தேகம் என்று பொருள் இல்லை. இதை அவர்களிடம் யாராவது நிதானமாகச் சொன்னால் போதும், பாதி நடுக்கம் குறையும். எழுதப்படிக்கத் தெரிந்த, பதற்றப்படாத இரண்டு பேர் கூடப் போங்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பெயரும் தேதியும் சரிதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் செய்யுங்கள். பிற்பாடு ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மாதக்கணக்கில் அலையும் ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, கையில் செல்போன் போகாமல், அடுத்த அறைப் பேச்சு காதில் விழாமல் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். இது சின்ன உதவியாகத் தெரியும். அன்றைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

உடல் வீட்டுக்கு வந்த பிறகு சில ஊர்களில் இன்னொன்று நடக்கிறது. “இது நல்ல சாவு இல்ல, வீட்டுக்குள்ள ஏத்தாதீங்க, நேரா சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க” என்பார் ஒரு பெரியவர். கொட்டு வேண்டாம், தெரு வழியாகப் போக வேண்டாம், பதினாறு வேண்டாம், மூன்றாம் நாளோடு முடித்துவிடலாம் என்று ஆளாளுக்கு ஒன்றைக் குறைப்பார்கள். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கிறேன்: கடைசியாக ஒருமுறை தன் பிள்ளையை நடுவீட்டில் கிடத்தி, எண்ணெய் வைத்து, முகம் பார்த்து அனுப்புகிற உரிமையை ஒரு தாயிடமிருந்து பிடுங்குவதற்கு நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? கத்தோலிக்கத் திருச்சபை 1917-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் இப்படி இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்திருந்தது. 1983-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது அந்த மறுப்பை எடுத்துவிட்டது. இத்தனை பெரிய, இத்தனை பழைய அமைப்பு மனம் மாற முடியுமென்றால் நம் தெருவும் மாறலாம். மற்றவர்களுக்குச் செய்கிற அத்தனையும் இவர்களுக்கும் செய்யுங்கள். உருமால் கட்டுக்கு வாருங்கள். செய்முறையைக் குறைக்காதீர்கள். அகாலத்தில் போன பெண்ணைக் கன்னித் தெய்வமாக நினைத்து வருஷா வருஷம் புதுத்துணி வைத்து, பெயர் சொல்லிக் கும்பிடும் வழக்கம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. அந்தச் சாவை யாரும் அதில் போற்றுவதில்லை. போன பிள்ளையை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கனிவு நமக்குப் புதிதல்ல.

அடுத்து, எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி. “அப்படி என்னதான் நடந்துச்சு?”

கேட்பவர் ஒருமுறைதான் கேட்கிறார். பதில் சொல்பவர் வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மாவிடம் கேட்டவர்கள் எல்லோரும் எங்கள் மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மா அந்த நாளின் காலையிலிருந்து தொடங்கி, தான் என்ன சொன்னாள், அவன் என்ன சொன்னான், எந்த இடத்தில் தான் கவனிக்காமல் விட்டாள் என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டாள். இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கேட்காமல் விட்டவர்களின் பெயர்களை அவள் இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறாள்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. கடன், குடி, நோய், மனச்சோர்வு, வேலை போனது, காதல் முறிந்தது, அவமானம் என்று பல சரடுகள் பல வருஷமாக முறுக்கேறி ஒரு நாளில் இறுகுகின்றன. கடைசி நாளில் வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கும். நாம் அந்தச் சண்டையைக் காரணமாக எடுத்துக்கொள்கிறோம். சண்டை இல்லாத வீடு எது? அம்மா திட்டினாள் என்பதற்காகவோ பொண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள் என்பதற்காகவோ ஒருவர் செத்துவிடுவதில்லை. ஆனால் நம் பேச்சு எப்போதும் ஒரு ஆளைத் தேடி நிற்கிறது. பெரும்பாலும் அது ஒரு பெண். “அவ நாக்குதான் அவனைக் கொன்னுச்சு” என்று ஒரு மருமகளைப் பற்றிக் கேத வீட்டுப் பந்தலிலேயே பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. அந்த வாக்கியத்தோடு அவள் மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும் என்று பேசியவர் நினைத்துப் பார்த்திருப்பாரா?

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காரணம் கேட்காதீர்கள் என்றால் குற்றத்தை மூடுங்கள் என்று அர்த்தமில்லை. ஒரு பெண்ணை வரதட்சணைக்காக அடித்திருந்தால், ஒரு மாணவனைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், ஒரு சிறுமியிடம் யாரேனும் தவறாக நடந்திருந்தால், கடன்காரர்கள் வாசலில் நின்று கேவலப்படுத்தியிருந்தால் அதைச் சட்டத்தின் முன் கொண்டுபோகக் குடும்பத்தோடு நில்லுங்கள். ஊர்ப் பெயர் கெட்டுவிடும், சமாதானமாகப் போங்கள் என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள் விசாரிக்கட்டும். நம் வேலை துக்கத்தைப் பகிர்வது.

பந்தலில் இன்னொரு வாக்கியமும் தவறாமல் கேட்கும். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பார்த்துக்க மாட்டேனா?” சொல்பவர் மனதாரச் சொல்கிறார், கண்ணீரோடு சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கோ, மகன் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று நெஞ்சு அடைக்கிறது. அந்த வாக்கியத்தை அங்கே சொல்லாதீர்கள். அதை வீட்டுக்கு எடுத்துப் போய், உயிரோடு இருக்கிற ஒருவரிடம் சொல்லுங்கள். கடனில் மூழ்கியிருக்கிற மச்சானிடம், ஒரு வருஷமாக யாரோடும் சரியாகப் பேசாத சித்தி மகனிடம், பிரசவத்துக்குப் பிறகு முகம் களையிழந்து போயிருக்கிற அக்கா மகளிடம் போய், “எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு, நான் இருக்கேன்” என்று இந்த வாரமே சொல்லுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குப் போன் போட்டு மார்க் கேட்காமல் இருப்பதும் இதில் சேர்ந்ததுதான். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நம் அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்களும் நிறுத்தலாம்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவோ அம்மாவோ இப்படி இறந்துவிட்டால், “ஊருக்குப் போயிருக்காங்க”, “சாமிகிட்டப் போயிட்டாங்க, வந்துருவாங்க” என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அவர்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம். ஆறு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும், அதுவும் கொடூரமாக. அன்றைக்கு அந்தக் குழந்தை அப்பாவோடு சேர்த்து உங்களையும் இழக்கிறது. இனி யாரை நம்புவது? பிள்ளைக்கு நெருக்கமான ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வயதுக்குப் புரியும்படிச் சொல்ல வேண்டும். அப்பா செத்துப்போய்விட்டார். இனி வரமாட்டார். அவர் மனசுக்கு ரொம்ப முடியாமல் இருந்தது. அதனால் தப்பான ஒன்றைச் செய்துகொண்டார். நீ செய்த எதனாலும் இல்லை. உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம். எப்படி நடந்தது என்ற விவரம் அதற்கு வேண்டாம். “உன்னால இல்ல” என்பதை மட்டும் பலமுறை சொல்ல வேண்டும். ஏனென்றால், அன்றைக்கு நான் சேட்டை பண்ணினேனே, அதனால்தானோ என்று குழந்தை தனக்குள் நினைத்துக்கொண்டிருக்கும். யாரிடமும் கேட்காது.

செல்போன் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். இறந்தவரின் படத்தையும், எழுதி வைத்த கடிதத்தையும், எந்த இடம் எப்படி என்ற விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வந்தால் அழியுங்கள். இறந்த விதத்தையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, படங்களைப் போடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் செய்தித்தாள்களுக்கு விதி சொல்லியிருக்கிறது. அந்த விவரங்கள், ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைத் தள்ளிவிடக்கூடும் என்பதுதான் காரணம். ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறார்கள். அதில் தத்தளிப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள். வாடகைப் பாத்திரம் போகும். சொந்தங்கள் பஸ் ஏறுவார்கள். நான் இந்த மடல் எழுதுவதே அதற்குப் பிறகான நாட்களுக்காகத்தான். எந்தச் சாவிலும் பதினாறுக்குப் பிறகு வீடு வெறிச்சோடும் என்பது உண்மைதான். ஆனால் மற்ற வீடுகளில் ஒரு மாதம் கழித்து யாராவது வருவார்கள்; செத்தவரைப் பற்றிப் பேசுவார்கள்; பேச்சினூடே சிரிப்பும் வரும். இந்த வீடுகளுக்கு யாரும் வருவதில்லை. எதைப் பேசுவது என்று தெரியாததால் வருவதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் பார்க்காததுபோல் சாலையைக் கடந்துவிடுகிறார்கள். இறந்தவரின் பெயரே வீட்டுக்குள்ளும் வெளியிலும் இல்லாமல் போகிறது.

இந்த ஒதுக்கம் மனதை நோகடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. லண்டனில் அலெக்ஸாண்ட்ரா பிட்மன் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. பல்கலைக்கழகங்களில் படிக்கிற, வேலை பார்க்கிற, 18 முதல் 40 வயதுக்குட்பட்ட 3,432 பேர் அதில் கலந்துகொண்டார்கள். எல்லோரும் நெருங்கிய ஒருவரைத் திடீரென இழந்தவர்கள். திடீர் நோயால் இழந்தவர்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இழந்தவர்கள் தாங்களும் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரத்த சம்பந்தம் உள்ளவர், நண்பர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. “அது அவங்க ரத்தத்துல ஓடுது” என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. ஊர் தங்களை எப்படிப் பார்க்கிறது என்று அவர்கள் உணர்ந்த அவமானத்தையும் கணக்கில் சேர்த்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து மங்கிவிட்டது. இதை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம் பார்வையும், நம் மௌனமும், சாலையைக் கடந்து போகும் நம் கால்களும் அந்த ஆபத்துக்குள் இருக்கின்றன. அப்படியென்றால் அதைக் குறைப்பதும் நம்மால் முடியும்.

முடியும் என்பதற்கு நம் சென்னையும் பங்கெடுத்த ஒரு சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியது. இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு அதில் அடக்கம். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஒன்றரை வருஷ முடிவில் முதல் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காடு. முடிவுகள் 2008-இல் வெளியாயின. ஒன்றரை வருஷத்தில் ஒன்பது தடவை நலம் விசாரிப்பது ஒரு சித்தப்பாவால் முடியாதா? எதிர்வீட்டு அக்காவால் முடியாதா? அந்தப் பரிசோதனை உயிர் தப்பியவர்களுக்கானது. இழந்த குடும்பங்களுக்கானது அல்ல. ஆனாலும் விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போவதில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

உயிர் தப்பியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, போய் என்ன பேசுவது? செத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். “இந்தக் கொழம்பு வச்சா முருகனுக்கு ரொம்பப் பிடிக்கும்ல” என்றோ, “அவன் போட்டுக் கொடுத்த மோட்டார்தான் எங்க தோட்டத்துல இன்னும் ஓடுது” என்றோ, உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு மனிதர் வாழ்ந்த முப்பது, நாற்பது வருஷங்களை அவர் இறந்த ஒரு நாள் விழுங்கிவிடக் கூடாது. அந்தத் தாய் அழுதால் பயப்பட வேண்டாம். நீங்கள் அழவைக்கவில்லை, அழ இடம் கொடுத்திருக்கிறீர்கள். கோபப்பட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள். “என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டானே பாவி” என்று ஒரு மனைவி திட்டினால் செத்தவனைத் திட்டாதே என்று அடக்காதீர்கள். நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தில் ஒரு நிம்மதிகூட வரும். அதற்காக அவர்கள் தங்களையே வெறுப்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் முருங்கைக்கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

போகிற நாட்களைக் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் அவர்கள் பொங்கலும் தீபாவளியும் வைக்கமாட்டார்கள். தெரு முழுவதும் வெடிச்சத்தம் கேட்கும் அன்றைக்குப் போங்கள். இறந்தவரின் பிறந்த நாள், திவசம் வரும் வாரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நாள். வீட்டு ஆண்களை மறந்துவிடாதீர்கள். அப்பாக்கள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விடுவார்கள். தேறிவிட்டார் என்று ஊர் நினைக்கும். என் அப்பா தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து அழுவது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. அவரோடு டீ குடிக்கத் தினமும் வந்துகொண்டிருந்த ஒரு நண்பர்தான் அதைப் பார்த்தார்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் இல்லாமல் போனாலோ, “நானும் அவன்கூடயே போயிருக்கணும்” என்று சொன்னாலோ, குடி கூடினாலோ, தன் பொருட்களை யார் யாருக்கோ எடுத்துக் கொடுத்தாலோ, நேராகக் கேட்டுவிடுங்கள். “சாகணும்னு நெனப்பு வருதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. பலருக்கு யாராவது கேட்டார்களே என்று பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால் அதிர்ச்சி காட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று குற்றவுணர்ச்சியை ஏற்றாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விவசாய வீடாக இருந்தால் பூச்சிமருந்தை உங்கள் வீட்டிலோ வேறு பொது இடத்திலோ பூட்டி வையுங்கள். சாக நினைப்பவர் இது இல்லாவிட்டால் வேறு வழி தேடுவார் என்று நாம் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் உண்மையில்லை. அந்த வேகம் வந்து அடங்கும் ஒன்று. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இரண்டு ஊர்களில் மருந்தை வீடுகளில் வைக்காமல் பொதுவான ஒரு கிடங்கில் பெட்டி போட்டுப் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததை 2013-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தது. 1995-இல் உச்சத்தில் இருந்த அங்கத்திய தற்கொலை விகிதம் அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. பயிர் விளைச்சல் அதனால் குறைந்துபோகவும் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது. சம்பாதித்தவர் போயிருந்தால் அடுத்த மாதமே அரிசிக்கு வழி பார்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் யாராவது கூட அலையுங்கள். தற்கொலை என்றால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று சொல்லியே பல குடும்பங்களை விண்ணப்பிக்க விடாமல் செய்துவிடுகிறோம். ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுத்து 12 மாதத்துக்குள் நேர்ந்தால்தான் அந்தத் தடை; அதற்கு மேல் ஆகி, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் முழுத் தொகைக்கும் உரிமை உண்டு. வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு ஒருமுறை பிடிக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்திலும் எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் உண்டு. பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல, செத்தவர் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத வாரிசுகள் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு மேல் பொறுப்பாக மாட்டார்கள். வசூலுக்கு வந்து மிரட்டுவதைத் தண்டிக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. வசூல்காரர் வரும் நாளில் வாசலில் நான்கு பேர் போய் நின்றாலே அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்.

கடைசியாக, கல்யாணப் பேச்சு. “அந்த வீட்லயா? அங்க ஒரு மாதிரி சாவுல்ல நடந்துச்சு” என்று ஒரு சம்பந்தத்தைக் கலைப்பது நொடி வேலை. அண்ணன் போன துக்கத்தை இன்னும் ஆற்றிக்கொள்ளாத ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் கலைகிறது. உங்களிடம் விசாரிக்க வந்தால் அந்த வீட்டாரின் குணத்தைச் சொல்லுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்தத் தாயையும், புருஷனை இழந்த அந்தப் பெண்ணையும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்துக் கூப்பிடுங்கள். வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். வராவிட்டால் அடுத்த விசேஷத்துக்கும் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில், இப்படி ஒருவரை இழந்த வீட்டுக்காரர்களும் இருப்பீர்கள். சாகலாம் என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருப்பவரும் இருக்கலாம். உங்கள் பக்கத்தில் பேச ஆள் இல்லையென்றால் எந்த நேரமும் 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1986-லிருந்து சென்னையில் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் இந்த மூன்று எண்களையும் உங்கள் போனில் இப்போதே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தேவைப்பட்டால் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நகராமல், நீங்களே போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரி